செட்டிநாட்டுப் பூங்காவில் பறவைகளுக்கு வளையமிடும் பணி: தன்னார்வலருக்கான வழிகாட்டி

பறவையைப் பிடித்து, எண் பொறித்த மெல்லிய உலோக வளையம் ஒன்றை அதன் காலில் மாட்டி, அளவும் எடையும் குறித்துக்கொண்டு, பிடித்த இடத்திலேயே மீண்டும் பறக்கவிடுவதுதான் வளையமிடுதல். டென்மார்க்கில் ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் 1899இல், மைனாக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளுக்கு எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டத் தொடங்கியபோது இது ஒழுங்கான ஆய்வு முறையாயிற்று. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு, பறவையியலாளர் சாலிம் அலியின் முனைப்பிலும் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடும், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வலசைப் பறவைகளைப் பற்றிய பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அத்திட்டத்தின் வழிவந்த பணி நம் பக்கத்துக் கடற்கரையான கோடிக்கரையில் பல பத்தாண்டுகள் நடந்திருக்கிறது. இன்றும் நாட்டில் வளையங்களை வழங்குவதும் பதிவுகளைத் திரட்டுவதும் முதன்மையாக அக்கழகம்தான்.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் உரிமம் பெற்ற ஆய்வுக் குழு ஒன்று உள்ளூர்ப் பூங்காவிலோ, மரங்கள் அடர்ந்த கல்வி வளாகத்திலோ, கண்மாய்க் கரையிலோ முகாம் அமைக்கும்போது, அதில் உதவ விரும்புவோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். தன்னார்வலராகச் சேருபவர் தொடக்கத்தில் பறவையைக் கையில் ஏந்த மாட்டார். கடிகாரத்தைப் பார்ப்பதும், வலைகளைச் சுற்றி நடப்பதும், தாளில் பிழையின்றி எழுதுவதும்தான் அவர் வேலை. இது பயிற்சிக் காலத்துச் சில்லறை வேலை அன்று. வெயில் விரைவில் ஏறும் நம் ஊரில் பறவையின் உயிர் நேரத்தைப் பொறுத்தது. எடுத்த அளவுகளின் பயன் எழுத்தைப் பொறுத்தது. இவ்விரண்டையும் காப்பவர் இல்லாமல் வளையமிடுபவர் மட்டும் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தும் பயனில்லை.

அனுமதி

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் பிடித்தலும் கண்ணி வைத்தலும் அடங்கும். எனவே நல்ல நோக்கத்தோடு விரித்தாலும், அனுமதி இல்லாத வலை சட்டத்தின் பார்வையில் வேட்டையே. கல்விக்கும் அறிவியல் ஆய்வுக்கும் பறவைகளைப் பிடிக்க, அச்சட்டத்தின் 12ஆம் பிரிவின்கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளர் அரசின் முன் ஒப்புதலோடு எழுத்து வடிவில் அனுமதி வழங்குகிறார். அந்த அனுமதி பெயர் குறிப்பிடப்பட்டவர்களுக்கு, குறிப்பிட்ட இடத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட இனங்களுக்கு மட்டுமே செல்லும்.

தன்னார்வலர் தனியாக அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் சேருவதற்கு முன்னால் குழுத் தலைவரிடம் அனுமதி ஆணையின் படியைக் காட்டச் சொல்லிக் கேட்பது அவருடைய உரிமை மட்டுமன்று, கடமையும்கூட. நேர்மையான குழு அதைக் கோப்பில் வைத்திருக்கும். கேட்டதற்காக முகம் சுளிக்காது. முகம் சுளிக்கும் குழுவோடு சேராமல் இருப்பதே நல்லது. அதோடு, பூங்காவை நடத்தும் நகராட்சி அல்லது ஊராட்சி, கண்மாயாக இருந்தால் அதன் பாசனத்தில் உரிமையுள்ள ஊரார், கோயில் நந்தவனமாக இருந்தால் அதன் பொறுப்பாளர் ஆகியோரிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். விடியற்காலை இருளில் நெற்றி விளக்கோடு கம்பும் வலையுமாகச் சிலர் புதருக்குள் நுழைவதைப் பார்த்தால் ஊரார் சந்தேகப்படுவது இயல்பே. அந்தச் சந்தேகம் இருக்கும் ஊரில்தான் பறவைகளும் பிழைத்திருக்கின்றன.

பருவமும் நேரமும்

செட்டிநாட்டில் வலை விரிக்க ஏற்ற காலம் சுருக்கமானது. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வலைகளைப் புடைக்கச் செய்துவிடும். புடைத்த வலையைப் பறவை எளிதில் பார்த்து விலகிவிடும். அப்படியும் மோதிவிட்டால் காற்றில் இழுபட்டு அடிபடும். சித்திரை, வைகாசியின் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை இடைவிட்டு நிற்கும் காலைகளும், மார்கழி முதல் மாசி வரையான வறண்ட காலைகளும்தாம் பெரும்பாலும் கிடைப்பவை. வலசை வரும் சிறு பறவைகள் நம் தோப்புகளில் தங்கியிருக்கும் காலமும் அதுவே என்பது நமக்கு வசதி.

மழைத் தூறலில் வலையைத் திறந்து வைக்கக் கூடாது. நனைந்த பறவை தொங்கிக்கொண்டிருக்கும் சில நிமிடங்களிலேயே உடற்சூட்டை இழந்துவிடும். வெயிலிலோ இதற்கு நேர்மாறான ஆபத்து: பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை, அவை வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. வலையில் கிடக்கும் பறவை நிழலைத் தேடிப் போக முடியாது. ஆகவே விடியலுக்கு முன்பே வலைகளைக் கட்டி முடித்து, கிழக்கு வெளுக்கும்போது திறந்து, வலையின் மீது நேர்வெயில் விழத் தொடங்கியதும் மூடிவிட வேண்டும். செம்மண் பொட்டலை ஒட்டிய வலைகளை மார்கழியிலும் ஒன்பது மணிக்கே மூட நேரிடலாம். புளியமர நிழலில் உள்ள வலை பத்தரை வரை தாங்கலாம். கடிகாரம் ஒரு வழிகாட்டிதான். வலையின் கீழ்மடிப்பில் கையை வைத்துப் பார்த்தால் கிடைக்கும் சூடுதான் தீர்ப்பு.

என்ன கொண்டுவர வேண்டும், எதை வீட்டில் விட வேண்டும்

மங்கிய நிற முழுக்கைச் சட்டையும், சீமைக்கருவேல முள் ஏறாத தடித்த அடியுள்ள காலணியும், நெற்றி விளக்கும், தண்ணீரும் போதும். விரல் மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தின் உலோகப் பட்டை, சட்டையின் வெளிப்புறப் பொத்தான்கள் ஆகிய எல்லாமே வலையின் நுண்ணிழையில் மாட்டிக்கொள்ளும்; கழற்ற முடிந்தவற்றைக் கழற்றிவிட வேண்டும், முடியாதவற்றை மறைத்துக்கொள்ள வேண்டும். நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கொசுவிரட்டிக் களிம்பு, தேங்காய் எண்ணெய், கைக்கிருமிநாசினி ஆகியவை தடவிய கையோடு இறகைத் தொடக் கூடாது என்பதால், முகாமுக்கு வந்ததும் சோப்பால் கைகழுவிக்கொள்வது வழக்கம். பணி முடிந்த பிறகும் கழுவ வேண்டும். பறவைகளிடமிருந்து பேனும் ஒட்டுண்ணி ஈயும் எச்சமும் நம் மீது ஒட்டுவது சாதாரணம்.

முகாமுக்கு வருமுன் வட்டாரத்துப் பறவைகளைத் தொலைவிலிருந்தே இனம் காணப் பழகியிருக்க வேண்டும். பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் பங்கேற்பதும், பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்டு இணையதளத்தில் பட்டியல் இடுவதும் இதற்கு எளிய வழி. கொள்ளுகுடிப்பட்டியில் உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் நத்தைக்குத்தி நாரையையும் வெள்ளை அரிவாள்மூக்கனையும் வக்காவையும் வேறுபடுத்தப் பழகுவதும் நல்லதே. 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கண்மாய்களில் கூடு கட்டும் பறவைகள் அஞ்சக் கூடாது என்று ஊரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை என்பது பலரும் அறிந்தது. ஆனால் அங்கே பார்க்கும் பெரிய நீர்ப்பறவைகள் பூங்கா முகாமின் வலையில் விழுபவை அல்ல. முகாமில் வரப்போகிறவை சின்னான், தையல்சிட்டு, தவிட்டுக்குருவி, ஊதாத் தேன்சிட்டு, தூக்கணாங்குருவி, வெண்மார்பு மீன்கொத்தி போன்றவை. குளிர்காலத்தில் நாணல் கதிர்க்குருவி, பழுப்புக் கீச்சான், அரசவால் ஈப்பிடிப்பான், மாலையில் குறித்த வேளையில் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்று நாம் அழைக்கும் தோட்டக்கள்ளன். கூடு கட்டும் காலத்தில் நாரை, கொக்குக் கூட்டத்தின் அருகே எந்தக் குழுவும் வலை கட்டக் கூடாது. ஒரு முறை மொத்தமாகக் கலைந்து எழுந்தாலே முட்டைகளும் குஞ்சுகளும் காக்கைக்கு இரையாகிவிடும்.

வலை கட்டுதல்

பயன்படுத்துவது மிஸ்ட் நெட் எனப்படும் மெல்லிய கறுப்பு இழை வலை. சிறு பறவைகளுக்கானது பொதுவாக 12 மீட்டர் நீளமும் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரமும் உடையது. குறுக்கே ஓடும் தடித்த கயிறுகள் அதை நான்கு அடுக்குகளாகப் பிரிக்கும். ஒவ்வோர் அடுக்கிலும் வலைத்துணி கயிற்றைவிடத் தளர்வாகத் தொங்கி ஒரு பையாக மடிந்திருக்கும். பறவை இழையில் மோதி அந்தப் பைக்குள் விழுந்து கிடக்கும். கயிறுகள் விறைப்பாகவும் வலைத்துணி தளர்வாகவும் இருக்க வேண்டும் என்பதே கட்டுவதன் முழு இரகசியம். எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிவிட்டால் பறவை மோதித் துள்ளி வெளியேறிவிடும்; கயிறே தொய்ந்துவிட்டால் கீழ்ப்பை தரையைத் தொட்டு, பனி படிந்த புல்லில் பறவை நனையும், அல்லது கீரிக்கு எட்டும்.

இடம் தேர்வது குழுத் தலைவரின் பொறுப்பு என்றாலும் காரணங்களைத் தன்னார்வலர் அறிந்திருக்க வேண்டும். பின்புறம் அடர்ந்த புதர் இருந்தால்தான் இழை கண்ணுக்குத் தெரியாது. ஊரணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் ஓரத்திலும், இரண்டு புதர்த் திட்டுகளுக்கு இடைப்பட்ட சந்திலும் பறவைகள் தாழப் பறந்து கடக்கும். சீமைக்கருவேலத்தை ஒட்டிக் கட்ட நேர்ந்தால், வலை ஊசலாடும் தொலைவு வரை முள்கிளைகளைக் கழித்துவிட வேண்டும். ஒரு முறை முள்ளில் ஏறிய வலையை அறுக்காமல் மீட்பது அரிது. வலை நெடுக இருபுறமும் ஓர் ஆள் நடக்கும் பாதையைச் செதுக்கி, வேர்களையும் கற்களையும் அகற்றி வைப்பது தன்னார்வலரின் முதல்நாள் வேலை. சிக்கிய பறவையை நோக்கி விரையும்போது தடுக்கி விழுந்தால் வலையும் பறவையும் சேர்ந்து போகும்.

நம் பக்கத்தில் இன்னொரு கவலையும் உண்டு. விடிந்ததும் ஆட்டு மந்தைகள் கண்மாய்ப் பக்கம் ஓட்டப்படும். தெரு மாடுகள் பூங்காவின் உடைந்த சுவர் வழியே நுழையும். மயில்கள் நடந்தே வரும். இவற்றில் எதுவும் மிஸ்ட் நெட்டைப் பொருட்படுத்தாது. ஆட்டுக்காரரிடம் முதல்நாள் மாலையே சென்று, “ஐயா, நாளைக் காலையில் ஒன்பது மணி வரைக்கும் இந்தப் பக்கம் பத்த வேண்டாம்” என்று கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். எந்தப் புதரில் எந்தப் பறவை இராத்தங்குகிறது என்பதையும் சொல்லிவிட்டுப் போவார். அந்தத் தகவல் பல நேரங்களில் வரைபடத்தைவிட உதவும்.

வலைச் சுற்று

வலை திறந்த நேரம் முதல் மூடும் நேரம் வரை, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா வலைகளையும் பார்த்துவர வேண்டும். வெயில் ஏறும்போது பத்து நிமிடமாகக் குறைக்க வேண்டும். ஆளில்லாமல் ஒரு வலையும் திறந்திருக்கக் கூடாது; தேநீர் குடிக்கப் போவதானாலும் மாற்று ஆளை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். சுற்று வரும் தன்னார்வலர் ஒவ்வொரு வலையையும் முனை முதல் முனை வரை, கீழ்மடிப்பு உட்பட, பார்க்க வேண்டும். தையல்சிட்டும் தேன்சிட்டும் பத்து கிராம்கூட இல்லாதவை. உதிர்ந்த புளிய இலைகளுக்கு நடுவே கீழ்ப்பையில் அசையாமல் கிடந்தால் தொலைவிலிருந்து தெரியாது. ஒரு வலையைத் தவறவிட்டோமா என்ற ஐயம் வந்தால், களைப்பைப் பாராமல் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். காக்கையும் வல்லூறும் பூனையும் வலையின் பயனை விரைவில் கற்றுக்கொள்ளும். அவற்றில் ஒன்று வலையருகே காத்திருப்பதைக் கண்டால் அந்த வலையை மூடிவிடுவதே முறை.

பறவை விழுந்திருந்தால், பயிற்சி பெறாத தன்னார்வலர் அதைத் தொடாமல், வலை எண்ணைச் சொல்லி வளையமிடுபவரை அழைக்க வேண்டும். ஒரே நேரத்தில் தவிட்டுக்குருவிக் கூட்டம் முழுவதும் விழுந்துவிட்டால்? அவை கூட்டமாகவே திரிபவை என்பதால் இது அடிக்கடி நடப்பதுதான். அப்போது மற்ற வலைகளை உடனே சுருட்டி மூடுவதே தன்னார்வலர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. எடுத்து முடிக்க இயலாத அளவுக்குப் பறவைகள் சேர்ந்தால் சிலவற்றை வளையமிடாமலேயே விட்டுவிட வேண்டும். எண்ணிக்கை குறைகிறதே என்று தயங்கும் குழு நல்ல குழு அன்று.

சிக்கலிலிருந்து எடுத்தல்

இதைப் படித்துக் கற்க முடியாது. தேர்ந்தவர் அருகில் நின்று பல காலைகள் பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். எனினும் என்ன நடக்கிறது என்று புரிந்து பார்த்தால் கற்பது விரைவாகும்.

எடுப்பவர் முதலில் கேட்கும் கேள்வி, பறவை வலையின் எந்தப் பக்கத்திலிருந்து வந்து விழுந்தது என்பதே. பையின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கமே அது வந்த வழி; அந்த வழியாகவே அதை வெளியே கொண்டுவர வேண்டும். பலர் கால்களிலிருந்து தொடங்குவார்கள்: விரல்கள் இழையைப் பற்றியிருப்பதை மெல்ல விடுவித்து, காலின் மேற்பகுதியில் பிடித்துக்கொண்டு, ஒரு சிறகு, தலை, மறு சிறகு என்று இழைகளை அகற்றுவார்கள். சிக்குண்ட பூச்சரத்தைப் பூ உதிராமல் பிரிப்பவரின் பொறுமை இதற்கு வேண்டும். இழுப்பதற்கு இங்கே இடமே இல்லை. சின்னான் வலை இழையைக் கொத்தாகப் பற்றிக்கொள்ளும். கீச்சானும் கிளியும் விரலைக் கடித்தால் விடாது. செம்போத்தின் நீண்ட பின்நகம் ஆழமாகக் கீறும். எப்போதாவது கொக்கோ வக்காவோ விழுந்துவிட்டால் முதலில் அலகைப் பிடிக்க வேண்டும். அதன் குத்து கண்ணை நோக்கியே வரும்.

சில நிமிடங்களில் அவிழவில்லை என்றால், அல்லது நாக்கில் இழை மாட்டியிருந்தால், சிறு கத்தரியால் இழையை வெட்டிவிடுவார்கள். வலைக்கு விலை உண்டுதான். ஆனால் ஓர் இழையை வெட்டத் தயங்கியதால் பறவையின் மூட்டுப் பிசகினால் அந்த முகாமுக்கே பொருள் இல்லை.

எடுத்த பறவையைத் துவைத்த பருத்திப் பையில், ஒரு பைக்கு ஒரு பறவை என்ற கணக்கில் இட்டு, வாய்க்கயிற்றைச் சுருக்கி, வலை எண்ணும் நேரமும் எழுதிய சீட்டோடு நிழலில் கொக்கியில் தொங்கவிட வேண்டும். தரையில் வைக்கக் கூடாது, மடியில் வைத்துக்கொள்ளவும் கூடாது. யாராவது மிதித்துவிடுவார்கள், அல்லது மறந்து எழுந்துவிடுவார்கள். எந்தப் பை முதலில் வந்தது, எது சின்னப் பறவை, எது நெடுநேரம் காத்திருக்கிறது என்று வரிசைப்படுத்திக் கொடுப்பது தன்னார்வலரின் பொறுப்பு. தேன்சிட்டு எப்போது வந்தாலும் அதற்கே முதலிடம். மிகச் சிறிய உடல் பசியைத் தாங்காது.

வளையமும் அளவும்

வளையமிடுபவர் பறவையின் முதுகைத் தன் உள்ளங்கையில் கிடத்தி, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கழுத்து வருமாறு பிடிப்பார். மார்பை அழுத்தக் கூடாது. பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் இல்லை. மார்புக்கூடு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. பிறகு கால் அளவியால் தடிமன் பார்த்து ஏற்ற வளையத்தைத் தேர்ந்தெடுப்பார். வளையம் தாராளமாகச் சுழலவும் மேலும் கீழும் நகரவும் வேண்டும். ஆனால் விரல்களின் மீது வழுக்கி இறங்கிவிடக் கூடாது. துளையுள்ள தனிக் குறட்டால் அதை மூடியபின், விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா, இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பார். மீன்கொத்தியின் கால் மிகக் குட்டையானது என்பதால் அதற்கு வளையமிடத் தனிப் பழக்கம் வேண்டும்.

இங்கிருந்து எழுதுபவரின் வேலை தொடங்குகிறது. வளைய எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்ல, எழுதுபவர் எழுதிவிட்டு அதே எண்ணை உரக்கத் திருப்பிப் படிக்க வேண்டும். வளையமிடுபவர் வளையத்தைப் பார்த்தே “சரி” என்று சொல்ல வேண்டும், நினைவிலிருந்து சொல்லக் கூடாது. காற்றடிக்கும் காலையில் ‘ஏழு’, ‘எட்டு’ இரண்டும் காதில் ஒன்றுபோல் விழும். ‘பதினேழு’ என்று சேர்த்துச் சொல்லாமல் ‘ஒன்று, ஏழு’ என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வரிசையில் அடுத்த எண் இதுதானே என்று முன்கூட்டி எழுதி வைப்பது மிகப் பெரிய பிழை: ஒரு வளையம் கீழே விழுந்து தொலைந்தால், அதன் பின்வரும் எல்லாப் பறவைகளின் அடையாளமும் ஒன்று தள்ளிப் போய்விடும். கெட்டுப்போன வளையம், தொலைந்த வளையம் ஆகியவற்றுக்கும் ஒரு வரி ஒதுக்கி, ‘சேதம்’ அல்லது ‘தொலைந்தது’ என்று எழுத வேண்டும். பென்சிலால் எழுதுவது நல்லது; பேனா மை பனியில் கரையும். தவறானதை அழிக்காமல் ஒரு கோட்டால் அடித்துவிட்டு மேலே எழுத வேண்டும்.

எண்ணுக்கு அடுத்தபடி இனம், வயது, பால். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதில் வெட்கம் தேவையில்லை. ஆண் தூக்கணாங்குருவி இனப்பெருக்கக் காலத்து மஞ்சள் தலையைக் குளிர்காலத்தில் இழந்து பெண்ணைப் போலவே தோன்றும். கையில் இருந்தாலும் பார்வையால் மட்டும் பிரிப்பது கடினம். இளம்பறவையைப் பெரும்பாலும் வாயோரத்தின் மஞ்சள் தடிப்பாலும் தளர்ந்த உடல் இறகாலும் அறிவார்கள்.

பின் அளவுகள். சிறகின் நீளத்தை முனைத்தடை வைத்த அளவுகோலாலும், கணுக்காலையும் அலகையும் வெர்னியர் அளவியாலும் எடுப்பார்கள். சிறகை இயல்பாக மடித்தபடி அளப்பதும், தட்டையாக்கி நேராக நீட்டி அளப்பதும் வேறுவேறு எண்களைத் தரும். எந்த முறை என்பதையும் அளந்தவர் யார் என்பதையும் தாளின் தலைப்பில் எழுதாவிட்டால், பின்னால் அந்த எண்களை வேறோர் ஊரின் எண்களோடு ஒப்பிட முடியாது. கொழுப்பை, கழுத்தின் அடியில் உள்ள குழியில் மெல்லிய தோலின் வழியே தெரியும் மஞ்சள் நிறத்தைக் கொண்டு மதிப்பிடுவார்கள். இறகுகளை வாயால் ஊதி விலக்கித்தான் அதைப் பார்க்க முடியும். வலசைப் பறவைக்கு அந்தக் கொழுப்புதான் வழிச்செலவு: ஐப்பசியில் வந்திறங்கும் தோட்டக்கள்ளனுக்குக் குழி காலியாக இருக்கலாம், பங்குனியில் புறப்படும் கதிர்க்குருவிக்கு நிரம்பியிருக்கலாம். இறகுதிர்வு பார்க்கும்போது சிறகின் முதன்மை இறகுகளை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக எண்ணி, பழைய இறகுக்கு 0, முழுதும் வளர்ந்த புதிய இறகுக்கு 5 என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் சொல்வார்கள். எழுதுபவர் கட்டம் மாறாமல் இருக்க விரலால் பிடித்துக்கொண்டே எழுத வேண்டும். கடைசியாக எடை. பறவையைக் கூம்புக் குழாயிலோ பையிலோ இட்டு நிறுத்து, பையின் எடையைக் கழிக்க மறக்கக் கூடாது. பறவை காலையில் மெலிந்தும் இரை தின்னத் தின்ன எடை கூடியும் இருப்பதால், நேரம் குறிக்கப்படாத எடைக்கு மதிப்புக் குறைவு.

இவை அனைத்தும் பழகிய கைகளில் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். பறவை கண்களை மூடினாலும், உடலைச் சிலிர்த்துப் பந்தாக்கிக்கொண்டாலும், இடைவிடாமல் வாய்திறந்து இரைத்தாலும் மீதி அளவுகளை விட்டுவிட வேண்டும். எழுதுபவர் இதை முதலில் கவனித்தால் உடனே சொல்லிவிட வேண்டும். பெரியவர் வேலையில் குறுக்கிடுகிறோமே என்ற மரியாதைத் தயக்கம் இந்த ஓர் இடத்தில் கூடாது. பதிவுத்தாளில் காலியாக விடப்பட்ட கட்டங்கள் குழுவின் கவனத்துக்குச் சான்றாகவே கொள்ளப்படும்.

படம் எடுப்பதாக இருந்தால் இனத்தையும் வயதையும் உறுதி செய்யும் படங்களை மட்டும் குழுத் தலைவரின் சொற்படி எடுக்கலாம். பறவையோடு தற்படம் எடுத்துக்கொள்ள இது கண்காட்சி அன்று. விடுவிக்கும்போது மேலே வீசி எறியாமல், திறந்த உள்ளங்கையில் தாழ்வாக, நிழலும் மறைவும் உள்ள பக்கம் நோக்கி வைத்தால் அது தானே எழுந்து போகும்.

மீண்டும் விழும் பறவை

முகாமுக்கு முதன்முறை வருபவர்கள் தோட்டக்கள்ளனையும் அரசவால் ஈப்பிடிப்பானையும் எதிர்பார்த்து வருகிறார்கள். வலையில் சின்னான்களே மறுபடி மறுபடி விழுவதைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறார்கள். சலிப்படையத் தேவையில்லை. ஏற்கெனவே வளையம் அணிந்த சின்னான் அடுத்த ஆண்டும் அதே ஊரணிக்கரையில் விழுந்தால், அது உயிரோடிருக்கிறது, இடம் மாறவில்லை என்ற இரண்டு செய்திகள் ஒரே எண்ணில் கிடைக்கின்றன. வலசைப் பறவைக்கு வளையமிட்டு அதைத் தொலைநாட்டில் யாரேனும் காண்பது மிக அரிது. உள்ளூர்ப் பறவை மீண்டும் கிடைப்பதோ ஒரு பூங்காவின் கைக்கெட்டும் ஆய்வு. ஆகவே மீண்டும் பிடிபட்ட பறவையின் வளைய எண்ணைப் புதியதற்குரிய அதே கவனத்தோடு முழுமையாகப் படித்து, அதற்குரிய குறியீட்டோடு எழுத வேண்டும். அரிய பறவை ஒரு நாள் வரும், வராமலும் போகும். ஆண்டுதோறும் அதே மாதங்களில், அதே இடங்களில், அதே எண்ணிக்கை வலைகளோடு பணி தொடர்ந்தால்தான் இந்தப் பதிவுகள் ஒன்றோடொன்று பேசும்.

மூடும்போது வலைகளின் அடுக்குகளை ஒன்றாகச் சேர்த்துச் சுருட்டி, அவிழாதபடி இடையிடையே நாடாவால் கட்ட வேண்டும். மறுநாளும் வேலை இருக்கிறதென்று இரவில் கம்பத்திலேயே விட்டுவைப்பது வௌவால்களுக்கு ஆபத்து. முழுவதும் இறக்கிவிடுவதே நல்லது. திறந்த நேரம், மூடிய நேரம், வலைகளின் எண்ணிக்கை, வானிலை ஆகிய நான்கையும் அன்றைய தாளின் அடியில் எழுதிய பிறகே எழுதுபவர் எழுந்திருக்கலாம். இவை இல்லாமல் ‘இன்று இத்தனை பறவை’ என்று சொல்வதில் பொருளில்லை.

வளையம் அணிந்த பறவை உங்களுக்குக் கிடைத்தால்

முகாமில் சேராதவரும் செய்யக்கூடிய பணி இது. கண்மாயில் நீர் வற்றும்போது சேற்றில் இரைதேடும் உள்ளான்களின் காலில், ஆய்வாளர்கள் அடையாளத்துக்கு மாட்டிய நிறக்கொடி இருக்கலாம். தென்னிந்திய ஏரிகளுக்கு வரும் வரித்தலை வாத்துகளில் மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டப்பட்டவை கண்டறியப்பட்டிருக்கின்றன. தொலைநோக்கியாலோ நீள்வில்லைப் படக்கருவியாலோ நிறங்களையும் அவற்றின் வரிசையையும், எது இடக்கால், எது வலக்கால் என்பதையும் பறவையின் கோணத்திலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். வளையத்தைப் படிப்பதற்காகப் பறவையைத் துரத்தவோ பிடிக்கவோ கூடாது.

இறந்த பறவை வீட்டு முற்றத்திலோ சாலையோரத்திலோ கிடைத்தால், வெறுங்கையால் தொடாமல் வளையத்தின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து, இடம், நாள், எந்த நிலையில் கிடந்தது என்பவற்றைச் சேர்த்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள். அவர்கள் வழங்கும் வளையங்களில் கழகத்தின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கும். அடிபட்டு உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்றாமல், காற்றுப் புகும் அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். எண்ணில் ஓர் இலக்கம் தேய்ந்து தெளிவில்லாமல் இருந்தால் ஊகித்து நிரப்பாதீர்கள். அந்த இடத்தில் கேள்விக்குறி இட்டு, படத்தையும் இணைத்து அனுப்புங்கள்.